நீதிபதி தொடரலாமா, ஆம் / இல்லை: ஓட்டுச்சீட்டின் பின்பக்கம்

அக்டோபர் 11, 2025
(பிட்ஸ்பர்க் வாசகரின் கேள்வி)

தபால் ஓட்டுச்சீட்டு வந்திருக்கு. பென்சில்வேனியா உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மூணு பேர்: டோனஹ்யூ, டாக்கர்ட்டி, வெக்ட். ஒவ்வொரு பேருக்கும் 'ஆம்', 'இல்லை'ன்னு ரெண்டே வட்டம். எதிர்த்து நிற்கிறவங்க கிடையாது, கட்சி பேரும் போடலை. கீழே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள் ரெண்டு பேர், அவங்களுக்கும் இதே கேள்விதான். டிவியைப் போட்டா ஒரு விளம்பரம் இவங்களை வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்லுது, அடுத்தது காப்பாத்துங்கன்னு சொல்லுது. நீதிபதி போய் ஓட்டு கேட்கலாமா? இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துல கை வைக்காம காலியா விட்டுடறதுதான் நேர்மைன்னு தோணுது. தப்பா?

அக்டோபர் 11, இரவு

தப்பு. நான் செய்த தப்பு என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2010 நவம்பர் 2. அயோவா மாநிலம், சீடர் ரேப்பிட்ஸ். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு முதல் ஓட்டு. எங்கள் வார்டுக்கு ஒரு சர்ச்சின் பின்கூடம்தான் வாக்குச்சாவடி. மடக்கு மேசைகள், காபி வாசனை, மேசைக்கு மேசை அட்டைத் தடுப்பு. கையில் கொடுத்த சீட்டு கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. முன்பக்கம் கவர்னர், செனட்டர் எல்லாம் முடித்து, கறுப்புப் பேனாவால் முட்டை வடிவ வட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு எழுந்தேன். மெஷின் பக்கத்தில் நின்றிருந்த பாட்டி, "பின்பக்கமும் இருக்கும்மா" என்றார். திருப்பிப் பார்த்தேன். நீதிபதிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒருவரையும் தெரியவில்லை. தெரியாதவர் தலையெழுத்தை நான் எழுதக்கூடாது என்று நினைத்து அப்படியே மெஷினுக்குள் விட்டேன். அது உள்ளே இழுத்துக்கொண்டது. மனசுக்கு நிம்மதியாகவே இருந்தது.

மறுநாள் காலை பார்த்தால் மாநில உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் பதவி இழந்திருந்தார்கள். தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர். மூவருக்கும் 'ஆம்' 45 சதவீதத்தைச் சுற்றித்தான். 1962-ல் இந்த முறை வந்ததிலிருந்து அயோவாவில் நீதிபதி யாரும் இப்படித் தோற்றதில்லை.

அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் 'இல்லை' போட்டவர்களில் பெரும்பாலானோருக்கும் தெரியாது. ஒரே ஒரு தீர்ப்பைத் தெரியும். அவர்கள் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தீர்மானித்தே சாவடிக்கு வந்தார்கள். நான் தற்செயலாகத் திருப்பினேன்.

அக்டோபர் 12

அந்தத் தீர்ப்பு எது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வார்னம் எதிர் பிரையன். 2009 ஏப்ரல் 3-ல் வந்தது. ஒரே பாலினத் தம்பதிகளுக்குத் திருமண உரிமையை மறுக்கும் சட்டம் அயோவா அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவுக்கு முரணானது என்று ஏழு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். நாடு முழுதும் அந்த உரிமை சட்டமாவதற்கு இன்னும் ஆறு வருடம் பாக்கி இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2015 ஜூனில்.

எனக்கு நெஞ்சில் தைப்பது இது. தீர்ப்பை எழுதியவர் மார்க் கேடி. 2010 சீட்டில் அவர் பெயர் இல்லை, அவருடைய முறை 2016-ல்தான். அந்த வருடம் முறை வந்த மூவர் தோற்றார்கள். பேக்கர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தே இரண்டு வருடம்தான். கீழ்க்கோர்ட்டில் 2007-ல் முதன்முதலாக அதே முடிவைச் சொன்ன மாவட்ட நீதிபதி ராபர்ட் ஹேன்சன் அதே நாளில் அதே கேள்வியைச் சந்தித்துத் தப்பித்தார். ஏழு பேர் சேர்ந்து செய்த காரியத்துக்கு காலண்டர் பார்த்து மூன்று பேருக்குத் தண்டனை.

மூவரும் பிரசாரம் செய்யவில்லை. கமிட்டி அமைக்கவில்லை, பணம் திரட்டவில்லை. நீதிபதி ஓட்டுக்காகக் கையேந்த ஆரம்பித்தால் அடுத்த வழக்கில் எதிரே நிற்பவன் என்ன நினைப்பான் என்பதுதான் அவர்களுடைய நிலை. எதிர்த்தரப்புக்குத் தலைமை தாங்கியவர் பாப் வாண்டர் பிளாட்ஸ். வெளிமாநில அமைப்புகளின் பணம் பல லட்சம் டாலர் வந்து இறங்கியது. பிட்ஸ்பர்க் நண்பர் கேட்டாரே, நீதிபதி ஓட்டு கேட்கலாமா என்று. கேட்காதவர்களுக்கு நடந்தது இது.

அக்டோபர் 12, மதியம்

திருத்தம். "நீதிபதி யாரும் தோற்றதில்லை" என்று நேற்று எழுதியது சரியில்லை. உச்ச நீதிமன்ற அளவில் யாரும் தோற்றதில்லை என்பதுதான் சரி. கீழ்க்கோர்ட் நீதிபதிகள் சிலர் அதற்கு முன்பும் போயிருக்கிறார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

அக்டோபர் 14

இந்த முறை எப்படி வந்தது என்பதை விளக்காமலே ஓடிவிட்டேன்.

அமெரிக்காவில் மத்திய நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி. மாநில நீதிபதிகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் கட்சிப் பெயரோடு நேரடித் தேர்தல். மிசௌரியில் பெண்டர்காஸ்ட் என்கிற அரசியல் புள்ளியின் கட்சி ஆட்களுடைய கை கோர்ட் வரைக்கும் நீண்டதைப் பார்த்துச் சலித்த மக்கள் 1940-ல் வேறு வழிக்கு மாறினார்கள். ஒரு குழு சில பெயர்களைப் பரிந்துரைக்கும், கவர்னர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார், கொஞ்ச காலம் கழித்து மக்களிடம் ஒரே கேள்வி: இவர் தொடரலாமா? அயோவாவும் இதே வழி. நியமனமாகி ஒரு வருடமாவது ஆன பிறகு முதல் வாக்கெடுப்பு. பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு எட்டு வருடத்துக்கு ஒரு தடவை, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஆறு வருடத்துக்கு ஒரு தடவை.

பென்சில்வேனியாவில் ஒரு கலப்பு. முதல் தடவை கட்சிப் பெயரோடு போட்டி, பத்து வருடம் கழித்து கட்சிப் பெயர் இல்லாமல் 'ஆம், இல்லை'. உங்கள் மூவரும் 2015-ல் டெமாக்ரட்களாக நின்று ஜெயித்தவர்கள். ஏழு பேரில் ஐந்து பேர் அந்தப் பக்கம். இப்போது டிவியில் கொட்டும் பணத்துக்கு அந்தக் கணக்குதான் காரணம். மூவரும் போனால் நாலு பேர் கோர்ட்டாகி, இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும்.

அக்டோபர் 14, இரவு

அப்பாவிடம் போனில் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "ஜட்ஜு ஓட்டுக் கேக்குறாரா?" என்று மூன்று தடவை கேட்டார். டவாலி குரல் கொடுத்து கூடம் எழுந்து நிற்க, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து உட்காரும் மனிதரைத்தான் அவருக்குத் தெரியும். அவர் சொன்ன ஒரு சின்ன விஷயம்: அந்தக் காலத்து முன்சீப் ஒருவருக்கு ஊரில் யார் கல்யாணப் பத்திரிகை வைத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாராம். ஒரு கல்யாணத்துக்கும் போக மாட்டாராம். டீ குடிக்கணும் என்றால் வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். "கடைக்காரன் நாளைக்கு வாதியா வருவானோ பிரதிவாதியா வருவானோ" என்பாராம்.

அப்பா கடைசியில் ஒன்று கேட்டார். "அப்போ கெட்ட ஜட்ஜு மாட்டிக்கிட்டா அங்க தூக்கிடலாம், இல்ல?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுவும் வேணும்தான்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அக்டோபர் 17

டெக்சாஸிலிருந்து எழுதும் அண்ணன் கோபமாக இருக்கிறார். "ஜனங்க கையில இருக்கிற ஒரே பிடியையும் புடுங்கச் சொல்றியாம்மா? தீர்ப்பு பிடிக்கலைன்னா அனுப்ப உரிமை இல்லையா?"

அண்ணா, பிடுங்கச் சொல்லவில்லை. சீட்டில் அந்தக் கேள்வி இருக்கட்டும். லஞ்சம் வாங்குகிற, வருடக்கணக்கில் தீர்ப்பே எழுதாத, வக்கீலையும் கட்சிக்காரரையும் எடுத்தெறிந்து பேசுகிற நீதிபதிக்கு இது ஒரு பயம். ஆனால் கேள்வியை ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். "இவர் தொடரலாமா?" அவ்வளவுதான் கேட்கிறார்கள். "அந்த ஒரு தீர்ப்பு உனக்குப் பிடித்ததா?" என்று கேட்கவில்லை. ஒரு நீதிபதியின் பத்து வருட வேலை நூற்றுக்கணக்கான வழக்குகள். அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து அதை வைத்துத் தலையை எண்ணினால், அடுத்து வருகிறவர் பேனாவை எடுக்கும்போது சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா, நவம்பரைப் பார்ப்பாரா?

சில சமயம் தீர்ப்பே தேவைப்படுவதில்லை. பிட்ஸ்பர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2005. ஜூலை மாதம் ராத்திரி 2 மணிக்கு, விவாதமே இல்லாமல், உங்கள் சட்டமன்றம் தனக்கே சம்பளம் ஏற்றிக்கொண்டது. நீதிபதிகளின் சம்பளமும் அதில் ஏறியது. ஜனங்களுக்கு ஆத்திரம். ஆனால் அந்த நவம்பரில் சட்டமன்றத்துக்குத் தேர்தல் இல்லை. மாநில அளவில் சீட்டில் இருந்தவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர். ரஸல் நிக்ரோ தோற்றார், சாண்ட்ரா நியூமன் குறைந்த ஆதரவோடு தப்பினார். அந்த மாநிலத்தில் இப்படித் தோற்ற முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி நிக்ரோதான். மாமியார் மேல் இருந்த கோபத்தை மாவு ஆட்டும் குழவி மேல் காட்டினது போல. அந்த மாதமே சட்டமன்றம் பயந்துபோய் சம்பள உயர்வை ரத்து செய்தது. நிக்ரோவுக்கு வேலை திரும்பி வரவில்லை.

அக்டோபர் 18

1986 கலிபோர்னியாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது என்கிறார் ஒருவர். சரிதான். தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், அந்தக் கோர்ட்டின் முதல் பெண். தன் முன் வந்த மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூடத் தண்டனையை உறுதி செய்ய அவர் ஓட்டுப் போடவில்லை. கவர்னரே எதிராகப் பேசினார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 'இல்லை'. கூடவே ஜோசப் குரோடின், குரூஸ் ரெய்னோசோ இருவரும் போனார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. ஒரு வழக்கு என்றால் தனித் தீர்ப்பு. வரிசையாக எல்லா வழக்கிலும் ஒரே பக்கம் என்றால், அவர் சட்டத்தை ஏற்கவே மறுக்கிறார் என்று ஒரு வாக்காளர் நியாயமாகவே நினைக்கலாம். நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் குரோடினும் ரெய்னோசோவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காகவே அடித்துச் செல்லப்பட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்டோபர் 18, சற்றுப் பின்

எங்கள் ஊர்க் கதைக்குத் திரும்புகிறேன். 2012-ல் அந்த ஏழு பேரில் அடுத்தவர் முறை, டேவிட் விக்கின்ஸ். எதிர்ப்பாளர்கள் ஒரு பஸ் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், வழக்கறிஞர் சங்கத்தார் இன்னொரு பஸ்ஸில் பின்னாலேயே போனார்கள். இந்தத் தடவை நான் உட்கார்ந்து படித்தேன். அயோவா வழக்கறிஞர் சங்கம் ஒவ்வொரு தேர்தல் வருடமும் வக்கீல்களிடம் கேட்டு நீதிபதிகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது: சட்ட அறிவு, நேரத்துக்குத் தீர்ப்பு, பொறுமை, மரியாதை. விக்கின்ஸுக்கு அதில் மதிப்பெண் குறைவுதான். தீர்ப்புகளில் சிலவற்றையும் படித்தேன். புரிந்தது பாதி. ஆனாலும் எழுத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. தோற்ற தரப்பின் வாதத்தை முதலில் முழுசாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுத்தார். 'ஆம்' போட்டேன். பதவியில் தொடர்ந்தார். 2016-ல் கேடியும் தொடர்ந்தார்.

2010-க்குப் பிறகு கோர்ட்டே கொஞ்சம் இறங்கி வந்தது. டி மாய்னில் உட்கார்ந்திருந்த உச்ச நீதிமன்றம் சின்ன ஊர்களுக்கு வந்து பள்ளிக்கூட அரங்குகளில் வழக்கு கேட்க ஆரம்பித்தது. பக்கத்து ஊருக்கு வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போன வாரம் பிள்ளைகள் நாடகம் போட்ட மேடை. நீளமான மேசையில் துணி விரித்து ஏழு பேர் கறுப்பு அங்கியில். எதிரே வக்கீல் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கேள்வி வந்து விழும். ஒரு நீதிபதி கேட்டார், "நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்றால் அடுத்த வழக்கில் கோடு எங்கே போடுவது?" வக்கீல் தண்ணீர் குடித்தார். மகள் என் காதில், "அம்மா, வைவா மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து சீட்டில் அந்தப் பெயர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மேசை தெரிகிறது.

அக்டோபர் 21

டெக்சாஸ் அண்ணன் விடவில்லை. "2010-ஐயும் 2012-ஐயும் சொன்ன. உனக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தப்போ என்ன பண்ணினே? 2024-ஐச் சொல்லு."

நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 25

நாளை என்றேன், நாலு நாள் ஆகிவிட்டது.

2024 ஜூன் 28. ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைக்கு விடலாம் என்று அயோவா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. எனக்குக் கல்லூரி போகும் வயதில் மகள். தீர்ப்பு வந்த அன்று இரவு அவள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனாள். அந்த நால்வரில் ஒருவர் டேவிட் மே. உச்ச நீதிமன்றத்தில் அந்த நவம்பருக்கு முறை வந்தது அவருக்கு மட்டும்.

அதே சர்ச் கூடம். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பின்பக்கத்தைத் திருப்பினேன். அவர் பெயர் கண்ணில் பட்டது. வக்கீல்களின் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. அவர் எழுதிய ஒரு தீர்ப்பைக்கூடப் படிக்கவில்லை. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியதும் அவர் இல்லை, மெக்டெர்மட் என்கிற இன்னொருவர். 'இல்லை' வட்டத்தை அழுத்தி நிரப்பினேன். பேனா அட்டையின் மறுபக்கம் தடம் விட்டது. அதற்குக் கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றப் பெயர்களைப் படிக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் காலியாக விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

2010-ல் மற்றவர்கள் செய்தது தப்பு என்று இரண்டு வாரமாக உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் நான், பதினாலு வருடம் கழித்து அதையேதான் செய்தேன். கையெழுத்திட்டவர்களில் முறை வந்தவரைப் பிடித்து, ஒரு தீர்ப்பை வைத்து. டேவிட் மே நல்ல வித்தியாசத்தில் தொடர்ந்தார். என் ஓட்டால் எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குச் சமாதானமாக இல்லை.

அண்ணா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. 11-ம் தேதியே சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 25, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தத் தீர்ப்பு தப்பு என்று இன்றும் நினைக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. அதைக் கேட்க எனக்குச் சட்டமன்றத் தேர்தல் இருந்தது. அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் சீட்டின் முன்பக்கத்தில் இருந்தார்கள். என் கோபத்தில் பாதியை அங்கேயே இறக்கியிருக்கலாம்.

ஆனால் ஒரு பெண், என் மகள் வயசுக்காரி, "அம்மா, என் உடம்பைப் பற்றிய தீர்ப்புக்கு நான் மதிப்பெண் பார்த்துத்தான் ஓட்டுப் போடணுமா?" என்று கேட்டால் சுலபமாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. 2010-ல் 'இல்லை' போட்ட விவசாயிக்கும் அவருடைய நம்பிக்கை அவ்வளவு பெரிதாகவே இருந்திருக்கும். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் இப்போது இல்லை.

அக்டோபர் 26

அரிசோனா வாசகர் ஒருவர் எழுதியது நல்ல தகவல். அங்கேயும் 2024. ஏப்ரலில் 1864-ம் வருடத்துக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. பெரும்பான்மையில் இருந்த கிளின்ட் போலிக், கேத்ரின் கிங் இருவருக்கும் நவம்பரில் முறை. அதே சீட்டில் சட்டமன்றம் 137 என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்தது: ஒழுங்காக நடந்துகொள்ளும் நீதிபதிகளுக்கு இந்த வாக்கெடுப்பே வேண்டாம், அன்றைய முடிவும் செல்லாது. மக்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் 137-ஐத் தூக்கி எறிந்தார்கள். இரண்டு நீதிபதிகளையும் பதவியில் வைத்துக்கொண்டார்கள்.

பிடியை விடமாட்டோம், ஆனால் இப்போது இழுக்கவும் மாட்டோம். எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே ஓர் அரசுக் குழு வழக்காடியவர்கள், ஜூரிகள், வக்கீல்கள் எல்லோரிடமும் கேட்டு ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் அறிக்கை கொடுக்கிறது. அலாஸ்கா, யூட்டா, கொலராடோவிலும் இப்படி உண்டு. ஜனங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்தால்தான் கோபத்தைத் தவிர வேறு எதையாவது வைத்து ஓட்டுப் போடுவார்கள்.

எதிர்க் கதையும் உண்டு. அதே நாளில் ஓக்லஹோமாவில் யுவோன் காகர், 1984-லிருந்து நாற்பது வருடம் இருந்தவர், மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 1960-களில் இந்த முறை வந்ததிலிருந்து அந்த உச்ச நீதிமன்றத்தில் தோற்ற முதல் ஆள். அவ்வளவு சின்ன வித்தியாசம் என்றால் காலியாக விட்டவர்கள் நினைத்திருந்தால் எந்தப் பக்கமும் சாய்த்திருக்கலாம்.

அக்டோபர் 28

காலியாக விடுவது என்றதும் எனக்கு 1993 மே ஞாபகம் வருகிறது. மதுரையில் கல்லூரி விடுதி, வராந்தாவில் ரேடியோ. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போய் பஞ்சாப்-ஹரியானாவில் தலைமை நீதிபதியாக இருந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் மக்களவையில். ஆதரவு 196. எதிர்த்து ஒருவர்கூட இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்பட 205 பேர் ஓட்டே போடவில்லை. தீர்மானம் விழுந்தது. குற்றச்சாட்டைச் சரியில்லை என்று சொல்ல ஒருவரும் எழவில்லை, சரி என்று சொல்லவும் போதுமானவர்கள் இல்லை. கை கட்டி உட்கார்ந்தே ஒரு முடிவை எடுக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பதினேழு வருடம் கழித்து சர்ச் கூடத்தில் அது மறந்துவிட்டது.

அக்டோபர் 29

சென்னை வக்கீல் ஒருவர் திருத்துகிறார். இரண்டும் ஒன்றில்லை என்கிறார். அங்கே மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டும் வேண்டும். அதனால் ஓட்டுப் போடாதவர் நடைமுறையில் 'வேண்டாம்' என்று சொன்னவர் ஆகிறார். அமெரிக்க வாக்கெடுப்பில் அந்தக் கேள்விக்கு விழுந்த 'ஆம்', 'இல்லை' மட்டும்தான் கணக்கு. காலி எந்தப் பக்கமும் விழாது. ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரமாக ஒன்றாக்கிவிட்டேன்.

இல்லினாயில் பாதி போதாது, ஐந்தில் மூன்று பங்கு 'ஆம்' வேண்டும் என்பதையும் அவர் சேர்க்கிறார். 2020-ல் தாமஸ் கில்பிரைட் பாதிக்கு மேல் வாங்கியும் தோற்றது அதனால்தான்.

டோக்கியோ வாசகர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. ஜப்பானிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு மக்கள் வாக்கெடுப்பு உண்டு, பொதுத் தேர்தலோடு சேர்த்து. நீக்க வேண்டியவர் பெயருக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். காலியாக விட்டால் நம்பிக்கை இருக்கிறது என்று கணக்கு. 1949-லிருந்து நடக்கிறது, ஒருவர்கூட நீக்கப்பட்டதில்லை.

அப்படியானால் ஒரே வெற்றிடம் டெல்லியில் தீர்மானத்துக்கு எதிராக விழுகிறது, டோக்கியோவில் நீதிபதிக்கு ஆதரவாக விழுகிறது, சீடர் ரேப்பிட்ஸில் எங்கும் விழாமல் மற்றவர்களின் ஓட்டுக்குக் கனம் கூட்டுகிறது. பிட்ஸ்பர்க் நண்பரே, உங்கள் ஊரிலும் மூன்றாவது கதைதான்.

நவம்பர் 1

பிட்ஸ்பர்க் நண்பர் எழுதியிருக்கிறார். தபால் உறையைப் பிரித்து சாப்பாட்டு மேசையில் வைத்து, கணவனும் மனைவியுமாக இரண்டு ராத்திரி படித்தார்களாம். மாநில வழக்கறிஞர் சங்கத்தின் மதிப்பீட்டில் மூவருக்கும் தொடரலாம் என்றே பரிந்துரை. அது போதாதென்று, 2018-ல் தொகுதி வரைபடத்தை ரத்து செய்த தீர்ப்பையும் அதன் மறுப்புத் தீர்ப்புகளையும் பார்த்திருக்கிறார். "ஒருத்தருக்கு 'இல்லை' போட்டோம். ரெண்டு பேருக்கு 'ஆம்'. மேல்முறையீட்டு நீதிபதிகள் ரெண்டு பேரையும் பத்திக் கிடைச்சதைப் படிச்சோம், 'ஆம்'. யாருக்கு 'இல்லை'ன்னு சொல்ல மாட்டேன்" என்கிறார். சொல்ல வேண்டாம். உள்ளுறைக்குள் வைத்து ஒட்டி, வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் போட்டீர்களா? தேதி விட்டுப்போன உறைகளுக்காக உங்கள் மாநிலத்தில் வருடக்கணக்காக வழக்கு நடக்கிறது.

நவம்பர் 5

மூவரும் தொடர்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் 60 சதவீதத்துக்கு மேல். மேல்முறையீட்டு நீதிபதிகள் இருவரும் தொடர்கிறார்கள். டோனஹ்யூவுக்கு 2027-ல் 75 ஆகிவிடும், வயது வரம்பால் அப்போது இறங்கிவிடுவார்.

டெக்சாஸ் அண்ணன்: "பார்த்தியாம்மா, ஜனங்க ஒண்ணும் முட்டாள் இல்ல." நான் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணா. ஆனால் இந்தத் தடவை மூவரும் வாய் மூடி இருக்கவில்லை. கூட்டங்களில் பேசினார்கள், விளம்பரத்தில் வந்தார்கள், அவர்களுக்காகப் பணம் திரண்டது. ஜெயித்ததும் அதனால்தானோ என்னவோ. டெர்னஸும் ஸ்ட்ரைட்டும் பேக்கரும் மறுத்த வழி அது. இன்றைக்கு அந்த வழியில் போகாத நீதிபதி தப்ப முடியுமா என்ற கவலை எனக்கு நேற்றைவிட இன்று அதிகம். அந்த விளம்பரத்துக்குப் பணம் போட்டவரின் வழக்கு நாளைக்கு அதே பெஞ்சுக்கு வரும். பிளாஸ்க் டீ முன்சீப் ஞாபகம் வருகிறது.

நவம்பர் 13

அயோவாவில் அடுத்த வருடம் நவம்பரில் சீட்டின் பின்பக்கம் மறுபடி நிரம்பும். எங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். மாநிலத்தின் மேல்முறையீடுகளில் பெரும்பங்கு அவர்களோடு முடிந்துவிடுகிறது. எந்த டிவியிலும் அவர்கள் பெயர் வராது. தீர்ப்புகள் கோர்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று எடுத்து அச்சிட ஆரம்பித்திருக்கிறேன்.

நேற்று இரவு ஒன்றை அப்பாவுக்குப் போனில் தமிழில் சொன்னேன். இரண்டு பண்ணைக்காரர்கள், நடுவில் ஒரு வடிகால், மேட்டுக்காரன் தண்ணீரைத் திருப்பியதில் பள்ளத்துக்காரன் சோளம் அழுகிப்போன தகராறு. அப்பா நடுநடுவே நிறுத்தினார். "கமிஷனர் வச்சுப் பார்த்தாங்களா? சர்வே உண்டா?" கேட்டுவிட்டு, "கீழ்க்கோர்ட்டு சொன்னதை ஏன் மாத்தினாரு, அந்தப் பத்தியைத் திரும்பப் படி" என்றார். பக்கம் 9. திரும்பப் படித்தேன்.